படகு மிதக்கட்டும், சொல்றேன்

ஆனையை வாங்கியவன் அங்குசத்துக்கு அழுதானாம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். நான் வாங்கியது கார். மற்றபடி பழமொழியில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டியதில்லை.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஒருநாள் கூத்தாநல்லூரில் ஒரு பெரிய வீட்டில் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். கொல்லைக் கொட்டகையில் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, தென்னை மட்டைக்கு அடியில் ஒரு நீள மூக்கு தெரிந்தது. மட்டையை விலக்கினால் ஒரு பழைய சீமைக் கார். இரண்டே இரண்டு இருக்கை. மேலே கூரை கிடையாது. சக்கரத்தில் சைக்கிள் மாதிரி கம்பி. ஓட்டுகிறவர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எங்க அத்தா பினாங்குலேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது" என்றார் வீட்டுக்காரர். அரபு நாட்டில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்; என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மனைவி இறந்து, பிள்ளை மலேசியாவில் குடியேறி, அத்தனை பெரிய வீட்டில் தனியாக இருந்தார். ஊரில் எல்லோரும் ராவுத்தர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

"விப்பீங்களா?" என்று கேட்டேன். எந்தத் தைரியத்தில் கேட்டேன் என்று தெரியவில்லை.

அவர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "குஞ்சு பொரிச்சதும் எடுத்துட்டுப் போங்க. ஆனா ஒண்ணு தம்பி. வண்டியைத்தான் விக்கிறேன், அதோட வாசனையை விக்கல. வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சிட்டு வந்து பாப்பேன். டீ கீ ஒண்ணும் போட வேணாம்."

அப்போது என் வீட்டுக்காரி போய் ஒரு வருஷம்கூட முடியவில்லை. மகள் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போய்விட்டாள். இருந்த கொஞ்சம் நிலத்தையும் குத்தகைக்கு விட்டாயிற்று. புது மோட்டார் மலிவாகக் கிடைக்கிற காலத்தில் காயில் கட்ட யார் வருகிறார்கள்? பகலெல்லாம் கடையில் உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நான் இருமுவது எனக்கே திரும்பிக் கேட்கும். தனியாக இருக்கிறவனுக்குச் சுவரும் சொந்தம் என்பார்கள். சொந்தம்தான், பதில் பேசாத சொந்தம்.

கார் வந்ததும் அங்குச வேட்டை ஆரம்பித்தது. அதன் போல்ட்டுக்கு நம் ஸ்பேனர் எதுவும் சேராது. ஒரு நம்பர் வழுக்கிக்கொண்டு சுற்றும், அதற்கு அடுத்தது உள்ளேயே நுழையாது. ராவுத்தர் பரணில் தேடித் தகப்பனாரின் ஸ்பேனர் பெட்டியைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தார். டைனமோவை நானே பிரித்துக் கட்டினேன். கிடைக்காத சாமானைத் தஞ்சாவூரில் லேத் பட்டறையில் கடைந்து வாங்கினோம். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை அது கிளம்பிற்று. கடைக்குப் பின்னால் என் பட்டறை முழுக்க நீலப் புகை. இரண்டு தடவை செருமி, நின்று, மறுபடி செருமியது.

ராவுத்தர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "அத்தா காலையில எந்திரிச்சு இருமுற மாதிரியே இருக்கு" என்றார்.

அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை மதியம் என்றால் ஊர்வலம்தான். நான் ஓட்டுவேன், அவர் தொப்பி பறக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஸ்ஸெல்லாம் எங்களுக்கு மாடிவீடு. மேலேயிருந்து கண்டக்டர்கள் குனிந்து, "ஐயா, மூடி வாங்கக் காசு பத்தலையா?" என்பார்கள். வேளாங்கண்ணிக்கு நடந்துபோகிற காவித்துணிக்காரர்கள் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கைகாட்டுவார்கள். ஏற்ற இடம் இருக்காது. இரண்டு பேருக்குச் செய்த வண்டியில் இரண்டு பேர் போவதும் ஒரு யோகம் என்று எனக்குத் தோன்றும். அதுவரை அந்த இன்னொரு இருக்கையை நான் போனவளின் காலி இடமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகு ஆசை முத்துப்பேட்டையில் பிறந்தது. துறையில் வண்டியை நிறுத்திவிட்டு அலையாத்திக் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மோட்டார் படகுகள் போய்வந்துகொண்டிருந்தன. ராவுத்தர் அன்றைக்குத்தான் சொன்னார். அரபு நாட்டில் அவர் வேலை பார்த்தது படகுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்கிற கடையில். "வெள்ளிக்கிழமைதான் லீவு. துறைமுகச் சுவத்துல குந்திக்கிட்டு வெள்ளைக்காரன் வுடுற சின்னச் சின்னப் பாய்மரப் படகைப் பாத்துக்கிட்டே இருப்பேன். சத்தமே இருக்காது தம்பி. தண்ணி மேல கோலம் போடுற மாதிரி போவும். எத்தனையோ பேருக்குக் கயிறு அளந்து குடுத்தேன், ஒருநாளும் ஏறி உக்காந்ததில்ல."

"கட்டிருவோம்" என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை பலகை வாங்கினோம்.

செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் காட்டுகிற வீடியோவைப் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். தண்ணீருக்குத் தாங்குகிற ஒட்டுப்பலகை, பித்தளை ஸ்க்ரூ. இரண்டு பேர் உட்காரலாம், காரின் மேல் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு போகலாம், அந்த அளவு. லாரிக்குப் படுதா தைக்கிறவரிடம் பாய்க்கு அளவு கொடுத்தோம். "எந்த லாரிக்கு?" என்றார். "காத்துக்கு" என்றார் ராவுத்தர். படுதாக்காரர் அதையும் எழுதிக்கொண்டு தைத்துக் கொடுத்தார்.

பட்டறையில் வேலை நடக்கும்போது மலேசியாவிலிருந்து பிள்ளை வீடியோவில் கூப்பிடுவார். பேரப்பிள்ளைகள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்துகொண்டு தெரிவார்கள்.

"எப்ப வர்றீங்க அத்தா? விசா பேப்பரெல்லாம் ரெடி. நீங்க தலையாட்டினாப் போதும்."

"படகு மிதக்கட்டும், சொல்றேன்" என்பார் ராவுத்தர்.

முதல் தடவை அதைக் கேட்டபோது என் கையில் உளி இருந்தது. கொஞ்ச நேரம் எங்கே செதுக்கிக்கொண்டிருந்தேன் என்று மறந்துபோயிற்று.

பாதிப் படகு முடிந்திருந்தது. அப்புறம் வேலை ஓடிய ஓட்டத்தை என்னவென்று சொல்வது. ஒரு வெள்ளிக்கிழமை ராவுத்தர் ஓரத்தைத் தடவிப் பார்த்து, "இந்தப் பலகை கொஞ்சம் தூக்குதே தம்பி" என்பார். பலகை ஒன்றும் தூக்கவில்லை. நான் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "ஆமா, தூக்குது. பிரிச்சிடுவோம்" என்பேன். அடுத்த வாரம் நான், "பச்சை பெயின்ட் வேணாம் ராவுத்தரே, ஆத்துல தெரியாது" என்பேன். "அதானே, வேற அடிச்சிருவோம்" என்பார். பச்சையைச் சுரண்டி நீலம் அடித்தோம். நீலத்தைச் சுரண்டி வெள்ளை அடித்தோம். இரண்டு பேருக்கும் விஷயம் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பதற்குத்தான் கைவேலை அதிகம் தேவைப்பட்டது.

எதிர்த்தாற்போல் பூக்கட்டி விற்கிற அம்மாதான் ஒருநாள் கேட்டே விட்டது. "கல்யாணப் பொண்ணுக்குக்கூட இத்தனை சிங்காரம் பண்ண மாட்டாங்க. முகூர்த்தம் எப்பய்யா?"

"மாப்பிள்ளை வீட்டுல இன்னும் சேதி வரலம்மா" என்றார் ராவுத்தர்.

"வராதுங்க. பொண்ணு வீட்டுக்காரருக்கே அனுப்ப மனசில்ல போல."

நான் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு படகுக்கு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

புரட்டாசியில் பிள்ளையே லீவு போட்டு வந்துவிட்டார். தங்கமான பையன். பட்டறைக்குள் வந்து, படகைச் சுற்றி நடந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு மாமா. என்ன பாக்கி?" என்றார். என்ன சொல்வது? பெயின்ட் இன்னும் காயவில்லை என்றேன். தொட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"போன மாசம் அத்தா தொழுகைக்கு ஒளு செய்யக் குழாயடிக்குப் போன எடத்துல வழுக்கி வுழுந்துட்டாங்க மாமா. வேலைக்கார அம்மா வர்ற வரைக்கும் அப்படியே கெடந்திருக்காங்க. உங்ககிட்ட சொன்னாங்களா?"

சொல்லவில்லை. போன மாதம் நாலு வெள்ளிக்கிழமையும் வந்திருந்தார். ஒரு நாள் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். இடுப்புப் பிடிப்பு என்றார்.

"இங்க அவங்களுக்கு நீங்க இருக்கீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா மீதி ஆறு நாளைக்கு யாரு இருக்கா?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் அதை அந்தப் பையனிடம் கேட்க முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமையே படகை இறக்குவது என்று முடிவாயிற்று. அன்றைக்குப் பிள்ளை ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்; ராத்திரிதான் திரும்புவார். காலையில் டீக்கடையில் நின்றவர்கள் நாலு பேர் தூக்கி, காரின் மேல் அதற்கென்று பற்றவைத்த குழாய்ச் சட்டத்தில் கவிழ்த்துக் கட்டிவிட்டார்கள். எங்கள் இரண்டு பேர் தலையும் படகுக்குள் இருந்தது. ஒருவழியாகக் காருக்குக் கூரை வந்தது. வழியெல்லாம் ஒரே வசனம்: ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும். ஒவ்வொருத்தரும் தானே அப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி சொன்னார்கள். நாங்களும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கிற மாதிரி சிரித்தோம்.

பாமணியாற்றில் அரை ஆறு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் இறக்கினோம். ராவுத்தரைக் கைபிடித்து ஏற்றி உட்காரவைத்து, நானும் ஏறித் தள்ளினேன். "பிஸ்மில்லா" என்று அவர் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். படகு ஒரு பக்கம் ஆடி, இன்னொரு பக்கம் ஆடி, நேராக நின்றது. பாயை விரித்தோம். இரண்டு கரையிலும் மூங்கில். காற்று எப்படி வரும்? பாய் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கிற்று. பரவாயில்லை, ஆறே கொண்டுபோனது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "அண்ணே, சோப்பு டப்பா மேல ஏத்திடாதீங்க" என்று கையை நீட்டித் தடுத்தது. ராவுத்தர் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வந்தார். அவர் சொன்னது சரி. சத்தமே இல்லை.

வெயில் ஏறியதும் ஒரு பாலத்தடியில் படகை ஓரம் கட்டி, அவர் வீட்டிலிருந்து வந்த நெய்ச்சோற்றைச் சாப்பிட்டோம். கரை நிழலில் துண்டை விரித்துப் படுத்தோம். இரண்டு பேரும் தூங்கிவிட்டோம்.

எழுந்து பார்த்தால் படகு மணலில் உட்கார்ந்திருந்தது. ஆறு எதிர்க்கரையோரமாக ஒரு வாய்க்கால் அகலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீர் குறைவான வருஷத்தில் எல்லா ஆற்றிலும் ஒரே சமயத்தில் விடமாட்டார்கள். முறை வைப்பார்கள். சில நாள் இந்த ஆற்றுக்கு, சில நாள் அந்த ஆற்றுக்கு. இந்தப் பக்கத்து மதகுக் கதவை இறக்கி அந்தப் பக்கத்தைத் திறப்பார்கள். பயிர் வைத்திருக்கிறவன் எவனுக்கும் முறை மாறுகிற நாள் பெண்டாட்டி பெயர் மாதிரி மனப்பாடம். நான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டவன். ராவுத்தருக்கு நிலமே கிடையாது. வருஷக்கணக்காகப் படகு கட்டினோம்; ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று ஒருத்தரையும் கேட்கவில்லை.

களை பறித்துவிட்டுப் பாலத்தின்மேல் போன பெண்கள் எட்டிப் பார்த்து நின்றுவிட்டார்கள்.

"என்ன மாமா, ஆத்தை யாரு தூக்கிட்டுப் போனது?"

"இன்னிக்கு முறை மாறுதுன்னு தெரியாதா? நிலத்துக்காரர்தானே நீங்க?"

"குத்தகைக்கு விட்டுட்டேம்மா" என்றேன்.

"அதான பாத்தேன். நிலத்தைக் குத்தகைக்கு விட்டவருக்கு ஆறு மட்டும் சொல்லிட்டா போவும்?"

இன்னொருத்தி, "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்" என்றாள். சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். ராவுத்தரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்குப் போன் பண்ணினேன். உர மூட்டை இறக்கிவிட்டு டிராக்டரோடு வருவதாகச் சொன்னார். மணல் சுட்டது. மறுபடி படகிலேயே ஏறி, பாய் நிழலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஏறும்போது ராவுத்தரால் காலைத் தூக்கி ஓரத்தைத் தாண்ட முடியவில்லை. முழங்கால் உயர ஓரம்தான். இரண்டு தடவை முயன்றார். பிறகு அவர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் அவர் காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்தேன். காலையில் தண்ணீரில் ஏற்றும்போது இதை நான் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "தம்பி, இது மிதந்ததுல சேருமா?" என்றார்.

நான் படகின் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டேன்.

"வெளையாட்டுக்குக் கேக்கல. மவன் ராத்திரி கேப்பான். நான் வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க என்ன சொல்றீங்களோ அதைத்தான் அவன்ட்ட சொல்லுவேன். மிதந்துச்சா, மிதக்கலையா?"

மிதக்கவில்லை என்றால் போதும். அடுத்த முறைக்குக் காத்திருக்கலாம். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மழை விட்டதும் தையில் அணையை மூடிவிடுவார்கள். அப்புறம் ஆனியில்தான் தண்ணீர். ஒரு முழு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் என் நாக்கு நுனியில் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்க்கிறார் என்றும் தோன்றியது. அதற்குத்தான் பயப்படுகிறார் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மையாக இருக்கலாம். நான் இங்கே கடையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, கூத்தாநல்லூரில் அந்தக் குழாயடியில் அவர் கிடப்பது தெரிந்தது.

"மிதந்துச்சு" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"மிதந்துச்சு அண்ணே. தண்ணிதான் நிக்கல."

அவர் தலையை ஆட்டினார். தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டார். டிராக்டர் வருகிறவரை நெய்ச்சோற்றில் ஏலக்காய் கொஞ்சம் கூடிப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மலேசியாவுக்குப் போவதற்கு முந்தின வெள்ளிக்கிழமையும் வந்தார். வெளியே போகலாமா என்றேன். வேண்டாம், வண்டியைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்திருப்போம் என்றார். பட்டறைக்குள்ளேயே, ஒரு அடிகூட நகராமல், இன்ஜின் ஓட இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பெட்ரோல் தீர்கிற மட்டும் ஓடியது. திருச்சி விமான நிலையத்துக்கு நான் கொண்டுபோய் விட முடியவில்லை. பெட்டி வைக்க அந்தக் காரில் இடம் ஏது.

இப்போதும் வெள்ளிக்கிழமை போன் பண்ணுகிறார். அங்கே தொழுகை முடிந்த கையோடு கூப்பிடுவார். அங்கே அது மதியம். இங்கே பாங்குகூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். பேரப்பிள்ளைகள் சத்தத்தில் பாதி கேட்காது. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவந்து பட்டறை வாசலில் செருப்பை விடுகிற நேரம் இங்கே வரும்போது, போன் வைத்து நெடுநேரம் ஆகியிருக்கும். அந்த மதியத்தை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மாசியில் ஒருநாள் படகைக் காரில் கட்டிக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போனேன். கடலோரக் கழிக்கு முறை கிறை எதுவும் கிடையாது. தண்ணீர் எப்போதும் நிற்கும். துறையில் இறக்கி நான் ஏறியதும் படகின் மூக்கு அண்ணாந்துகொண்டது. வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் பார்த்தார்.

"ஒத்தையாவா வந்தீங்க? ரெண்டாளு படகுங்க இது. எதிர்ல எடை இருந்தாத்தான் நிக்கும்." பழைய உரச்சாக்கு இரண்டை எடுத்து ஈர மணலை அள்ள ஆரம்பித்தார். "எத்தினி கிலோ போடட்டும்?"

"அறுபத்தஞ்சு கிலோ இருப்பாரு" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்.

கடல் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் பட்டென்று நிரம்பிற்று. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அலையாத்திக் காட்டோரமாகச் சத்தமில்லாமல் ஓடியது. ஓடியது என்றால் நன்றாகவே ஓடியது. போனில் சொல்லலாம் என்று மனசுக்குள் வாக்கியம்கூடக் கட்டிக்கொண்டேன். திரும்ப வேண்டிய இடத்தில்தான் விஷயம் புரிந்தது. பாய் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறும்போது எதிரே இருக்கிறவர் குனிந்து, எழுந்து, பக்கம் மாறி உட்கார வேண்டும். அப்போதுதான் படகு கவிழாமல் திரும்பும். மணல் மூட்டை வைத்த இடத்தில் இருந்தது.

பாயை இறக்கிச் சுருட்டிவைத்தேன். காற்று நல்ல காற்றுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. துடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகத் துறைக்குத் திரும்பினேன்.